எப்பொக்சியால துளையடைச்ச கிற்றாருக்கு எண்ணெய்ப் பூச்சு: எது பிடிக்கும், எது காயாது

நாவற்குழி நரம்பு:

வணக்கம். ஸ்ரீல் கம்பி கிற்றார் ஒண்டு பூச்சுக்கு ஆயத்தமாய் இருக்குது. பின்பலகை, பக்கப்பலகை, கழுத்து மூண்டும் மகோகனி. மேற்பலகை செடர். அரத்தாள் 220 வரைக்கும் உரஞ்சியாச்சு. ஸ்பிறே அடிக்க வசதி இல்லை, துணியால தேய்க்கிற பூச்சுத்தான் வேணும். மகோகனியின்ர துளைகளை (மரத்தில இயற்கையாய் இருக்கிற நுண்ணிய குழியள்) எப்பொக்சியால, அதாவது ரெசினும் அதை இறுக்கிற ஹாட்னரும் கலந்து பூசுறதால, அடைச்சுப்போட்டு மேல எண்ணெய் தேய்க்கலாம் எண்டு நினைக்கிறன்.

கேட்க வேண்டியது மூண்டு விசயம். எப்பொக்சிக்கு மேல எண்ணெய் பிடிக்குமோ? எப்பொக்சியைத் திருப்பி மரம் தெரியும் மட்டும் உரஞ்சுறதோ, இல்லை ஒரு படையாய் விடுறதோ? யாழ்ப்பாணத்து வெக்கைக்கும் ஈரலிப்புக்கும் எந்த எண்ணெய் சரிவரும்?

கைச்சீவுளி:

தம்பி, உங்கட இரண்டாவது கேள்விக்கு முதல்ல மறுமொழி எடுங்கோ. மற்ற இரண்டும் அதுக்குள்ள அடங்கிப்போகும்.

எப்பொக்சி துளைக்குள்ள மட்டும் நிக்கப் போகுதோ, பலகை முழுக்கத் தொடர்ந்த ஒரு படையாய் இருக்கப் போகுதோ எண்டதை உரஞ்சத் தொடங்க முதலே தீர்மானிக்க வேணும். கனபேற்ற வேலை பழுதாகிறது இரண்டுக்கும் நடுவில நிண்டுதான். காரணம் இதுதான். எப்பொக்சி ஊறின மரம் நனைஞ்ச மாதிரி ஆழமான நிறத்தில இருக்கும். அதை உரஞ்சிக்கொண்டு போகேக்க சில இடத்தில படை அறுந்து வெறும் மரம் வெளியில வரும், அந்த இடம் வெளிறித் தெரியும். எண்ணெய் போட்டால் எல்லாம் ஒரே நிறமாயிடும் எண்டு நினைச்சு மேல தேய்ப்பினம். ஆனால் வெறும் மரம் எண்ணெயைக் குடிக்கும், எப்பொக்சி உள்ள இடத்தில எண்ணெய் உள்ள போகாமல் மேலயே நிக்கும். கடைசியில பின்பலகை தேசப்படம் கீறின மாதிரித் திட்டுத் திட்டாய் நிக்கும். ஒரு திட்டு கெதியாய் மினுங்கும், மற்றது எத்தினை தரம் தேய்ச்சாலும் மங்கலாய் கிடக்கும்.

என்ர அபிப்பிராயம், மகோகனிக்கு எப்பொக்சியை ஒரு மெல்லிய தொடர் படையாய் விடுறதுதான் நம்பிக்கையான வழி. அப்ப எண்ணெய் மரத்துக்குள்ள போற பூச்சாய் இராது, மேல காய்ஞ்சு படையாகிற பூச்சாய்த்தான் இருக்கும். ஆகவே தானே காய்ஞ்சு இறுகிற எண்ணெய் வேணும். வெறும் எண்ணெய் சரிவராது. ட்ரூ ஒயில் மாதிரி பதப்படுத்தின லின்சீட் (ஆளி விதை எண்ணெய்), அல்லது தேய்க்கிற பக்குவத்துக்கு இளக்கின எண்ணெய் வார்னிஷ். பிடிமானம் எப்பொக்சியை எப்பிடி உரஞ்சிறீங்கள் எண்டதிலதான் இருக்குது.

எப்பொக்சி வேலையை எழுதுறன், எண்ணெயைப் பிறகு பார்ப்பம்.

பலகையை 220க்கு மேல மினுக்க வேண்டாம். 150, 180 கீறல் ஒண்டும் மிஞ்சியிருக்கக் கூடாது, எப்பொக்சி பட்டவுடனை எல்லாம் எழும்பித் தெரியும். துளைக்குள்ள இருக்கிற தூளை மெல்லிய பிறஷ்சால தட்டி, வாக்குவம் போட்டு எடுங்கோ. தூள் நிண்டால் துளை வெள்ளைப் புள்ளியாய் நிரந்தரமாய்த் தெரியும்.

ஒரு கிற்றாரின்ர பின்பலகையும் இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஏறத்தாழ 0.3 சதுர மீற்றர். முதல் பூச்சுக்கு மொத்தம் 25 முதல் 30 மில்லி காணும், ஆனால் ஒரேயடியாய்க் கலக்காதேங்கோ. பின்பலகைக்கு 12 மில்லி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 8 மில்லி எண்டு தனித்தனியாய்க் கலவுங்கோ. அளக்கிறதுக்கு ஊசி இல்லாத சிறிஞ் திறம். ரெசினுக்கு ஒண்டு, ஹாட்னருக்கு ஒண்டு, மாறிப் பாவிக்கக் கூடாது. இரண்டு நிமிசம் கலக்கி, கோப்பையின்ர சுவரையும் அடியையும் வழிச்சு, வேற ஒரு கோப்பைக்கு மாத்தித் திரும்பவும் ஒரு நிமிசம் கலக்குங்கோ. கலவாமல் சுவரில ஒட்டிக் கிடக்கிற ரெசின்தான் பேந்து பலகையில இறுகாத புள்ளியாய் வாறது.

பலகையில ஊத்தி, பழைய பாங்க் காட்டை 45 பாகையில சரிச்சுப் பிடிச்சு, நாரோட்டத்துக்குக் குறுக்காயும் சாய்வாயும் அழுத்தித் தள்ளுங்கோ. நாரோட்டத்தோட இழுத்தால் துளைக்குள்ள போனது திரும்ப வெளியில இழுபட்டு வரும். அஞ்சாறு நிமிசம் விட்டு, மேல நிக்கிற எல்லாத்தையும் வழிச்சு எடுங்கோ. முதல் பூச்சில மேல படை நிக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் 240 அரத்தாளைத் தக்கை கட்டையில சுத்தி மட்டமாய் உரஞ்சி இரண்டாவது பூச்சு. மகோகனிக்கு இரண்டு பூச்சில அனேகமாய் அடையும். சரிஞ்ச வெளிச்சத்தில பாருங்கோ, துளை வாய் இன்னும் குழியாய் மினுங்கினால் மூண்டாவது. பிறகு ஐஞ்சாறு நாள் ஆறுதலாய் விட்டு 320ஆல மட்டம் பண்ணுங்கோ. இந்தக் கட்டத்தில அங்கயிங்க மரம் வெளிப்படும், அதுக்குப் பயப்பட வேண்டாம். கடைசியாய் ஒரு கழுவு பூச்சு இருக்குது: கலந்த எப்பொக்சியில நூற்றுக்குப் பத்து முதல் பதினைஞ்சு பங்கு சுத்தமான அல்ககோல் விட்டு இளக்கி, பஞ்சு உதிராத துணியால முழுப் பலகைக்கும் மெல்லிசாய்த் துடைச்சு விடுறது. இதோட வெளிறின இடமெல்லாம் ஒரே நிறத்துக்கு வந்திடும். இளக்குறது இந்தக் கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். துளையடைக்கிற பூச்சில அல்ககோல் விட்டால் அது பறந்துபோக எப்பொக்சி சுருங்கி, அடைச்ச துளை திரும்பக் குழியும்.

பலாவைரம்:

கைச்சீவுளி அண்ணை சொன்ன ஒழுங்கு சரி. ஆனால் நரம்பு, எண்ணெய்ப் பூச்சின்ர தன்மைதான் வேணுமெண்டால் எப்பொக்சியே எதுக்கு? எண்ணெய் மரத்துக்குள்ள போய், கைக்கு மரமாய்த் தெரியிறதுதான் அதின்ர சிறப்பு. எப்பொக்சி போட்ட பிறகு கை படுறது பிளாஸ்ரிக்கில.

எண்ணெயாலயே துளை அடைக்கலாம். பலகைக்கு ட்ரூ ஒயிலோ, எண்ணெயும் வார்னிஷும் கலந்த டேனிஷ் ஒயிலோ தாராளமாய்ப் போட்டு, ஈரமாய் இருக்கேக்கயே 320 தண்ணி அரத்தாளால சின்னச் சின்ன வட்டமாய் உரஞ்சுங்கோ. மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கூழாய் வரும். அதைத் துளைக்குள்ள அழுத்தி, நாரோட்டத்துக்குக் குறுக்காய் மெல்லத் துடைச்சு, இரண்டு மூண்டு நாள் காயவிட்டு, 400ஆல திரும்பச் செய்யிறது. மூண்டு நாலு தரத்தில மகோகனி அடையும். நிறமும் அதே மரத்தின்ர தூள் எண்டதால வித்தியாசம் தெரியாது. சுரண்டல் பட்டால் அதிலயே திரும்பத் தேய்க்கலாம்.

வாடைக்காற்று:

பலாவைரம் சொன்ன முறை கழுத்துக்கு மிகப் பொருத்தம். உடலுக்கு ஒரு குறை இருக்கிறது. துளைக்குள் போன கூழில் பெரும்பகுதி எண்ணெயும் அதை இளக்கிய கரைப்பானும். கரைப்பான் பறக்கும், எண்ணெய் இறுகும்போது பருமனும் மாறும். மேற்பரப்பு காய்ந்துவிட்டதுபோல இருந்தாலும் துளையின் அடியில் இருக்கும் எண்ணெய்க்கு ஒட்சிசன் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். மினுக்கிக் கம்பி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழிந்தபின் சரிந்த வெளிச்சத்தில் பார்த்தால் துளைவாய்கள் உள்வாங்கி இருக்கும். எப்பொக்சி அப்படியல்ல. கரைப்பான் இல்லாமல், ரெசினும் ஹாட்னரும் முழுவதுமாகவே திண்மமாகிறது. சுருக்கம் மிகக் குறைவு. கண்ணாடிபோல மட்டமான பரப்பு வேண்டுமானால் எப்பொக்சி. துளை சற்றுத் தெரிந்தாலும் பரவாயில்லை, மங்கல் மினுக்கம் போதும் என்றால் எண்ணெய்க் கூழ். எது வேண்டும் என்பதை நரம்பு தீர்மானிக்கட்டும்.

நான் எழுத வந்தது காலநிலை பற்றி.

எப்பொக்சியின் ஹாட்னர் அமீன் எனும் இரசாயன வகை. அது இறுகும் நேரத்தில் காற்றிலுள்ள ஈரலிப்போடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல ஒரு வழவழப்பை உண்டாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இது சாதாரணமாக நடக்கும். அந்த வழவழப்பு இருக்கும்போது எண்ணெய் தேய்த்தால் பிடிக்காது, பல நாள் பசபசவென்று கிடக்கும். குற்றம் எண்ணெயில் என்று நினைத்து வேறு எண்ணெய் தேடிப் பயனில்லை.

இந்த மெழுகு தண்ணீரில் கரையும், ரேப்பன்ரைனிலோ தின்னரிலோ கரையாது. வெறும் அரத்தாளால் உரஞ்சினால் அரத்தாளை அடைத்துக்கொண்டு மேற்பரப்பெல்லாம் பூசுப்படும். எனவே ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகு, அரத்தாள் எடுப்பதற்கு முன்னரே, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பச்சைத் தேய்ப்பானால் துடையுங்கள். அந்த ஈரம் தானாகக் காயக்கூடாது. கடதாசித் துவாயால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும், இல்லையென்றால் கரைந்தது திரும்ப அங்கேயே படியும். முதல் பூச்சில் மரம் முழுக்க மூடுப்பட்டிருக்காது, ஆகையால் தண்ணீரைக் கஞ்சத்தனமாகவே பாவியுங்கள்.

அடுத்தது, எந்த நேரத்தில் பூசுவது. காலையில் பூசினால் பகல் ஏற ஏற மரம் சூடாகி, துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து, எப்பொக்சியைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே வரும். குமிழி வெடித்த இடம் ஊசித்துளையாக நிற்கும். மரம் ஆறும் நேரத்தில் பூசினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி எப்பொக்சியை உள்ளே இழுக்கும். அதற்காகச் செக்கல் வரைக்கும் பொறுத்தால் பனி இறங்கி ஈரலிப்பு ஏறும், மெழுகுப் படையும் வரும். பின்னேரம் மூன்றரை, நாலு மணிதான் இரண்டுக்கும் பொருந்திய நேரம். பூசி முடித்ததும் கதவு யன்னலைச் சாத்தி, இரவுக் காற்றுப் படாமல் வைத்துவிடுங்கள்.

வெக்கையில் கலவை கெதியாக இறுகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் கையில் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ அரைவாசியாகும். வெஸ்ட் சிஸ்டம் எனும் எப்பொக்சி வகையின் 105 ரெசினுக்கு 207 ஹாட்னர் 22 பாகையில் 20 முதல் 26 நிமிடம் தரும். இங்கே 31, 32 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கலந்ததைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் சூடேறி இன்னும் முந்தும். கலந்தவுடன் பலகையில் கொட்டிப் பரப்புங்கள்.

நாவற்குழி நரம்பு:

மெத்தப் பெரிய உதவி. உடல் மட்டமாய்த்தான் வேணும், ஆகவே அதுக்கு எப்பொக்சி, கழுத்துக்குப் பலாவைரம் சொன்ன கூழ் எண்டு வைக்கிறன்.

இஞ்ச கடையளில கிடைக்கிறது கைவினைக்குப் பாவிக்கிற தெளிவான வார்ப்பு ரெசின், ஹாட்வெயார் கடையில இரண்டு ரியூப்பில வாற பசை எப்பொக்சி. இதுகள் சரிவருமோ? எண்ணெயில கொதிச்ச லின்சீட் கிடைக்குது. வீட்டில தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பூசிற ஆக்களும் இருக்கினம்.

முதிரை:

இரண்டு ரியூப் பசை வேண்டாம். அது தடிப்பு, காட்டால தள்ளினாலும் நுண்ணிய துளைக்குள்ள இறங்காது. அஞ்சு நிமிசத்தில இறுகிறது இன்னும் மோசம், எப்பவும் கொஞ்சம் றப்பர் தன்மையோடயே இருக்கும், அரத்தாளில உருண்டு திரண்டு வரும்.

வார்ப்பு ரெசின் பாவிக்கலாம், ஆனால் அதின்ர குணம் தெரிஞ்சு பாவியுங்கோ. அது தடிச்ச கட்டியாய் ஊத்துறதுக்கெண்டு ஆறுதலாய் இறுகச் செய்தது. கட்டியாய் இருக்கேக்க தன்ர சூட்டிலயே இறுகும். மெல்லிய படையில அந்தச் சூடு சேராது. போத்தலில 24 மணித்தியாலம் எண்டு போட்டிருந்தாலும் துளையடைப்பில மூண்டு நாலு நாள் எடுக்கும். நகத்தால அழுத்திப் பாருங்கோ, அடையாளம் விழுந்தால் இன்னும் இறுகேல்லை. மேசைக்கு மேல பூசுறதுக்கெண்டு விக்கிற வகை வார்ப்பு வகையை விடத் திறம்.

வெளியில இருந்து எடுப்பிக்க முடிஞ்சால் இசட்-பொக்சி பினிஷிங் ரெசின் கிற்றார் செய்யிற ஆக்கள் கனகாலமாய்ப் பாவிக்கிறது. ஒண்டுக்கு ஒண்டு அளவு, கொஞ்சம் தேன் நிறம், மகோகனிக்கு வடிவாய் இருக்கும். வெளிறின மரத்துக்கு நிறம் வேண்டாமெண்டால் வெஸ்ட் சிஸ்டம் 105க்கு 207. அது கனவளவில மூண்டுக்கு ஒண்டு. தராசில நிறுக்கிற ஆக்கள் கவனம், நிறை விகிதம் வேற, லேபிளில தனியாய்ப் போட்டிருப்பினம்.

எண்ணெயளைப் பற்றி. காயிற எண்ணெய், காயாத எண்ணெய் எண்டு இரண்டு சாதி இருக்குது. அயடீன் எண் எண்டு ஒரு அளவு உண்டு. லின்சீட்டுக்கு அது 170க்கு மேல, நல்லெண்ணெய்க்கு 110 அளவில, தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில. கூடக் கூட ஒட்சிசனை எடுத்து இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தினை வருசம் வைச்சாலும் படையாகாது. நல்லெண்ணெய் பிசுக்காய் நிண்டு தூசி பிடிக்கும். இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெயும் அப்பிடித்தான். பூசின மரத்தில பேந்து பசையோ வார்னிஷோ பிடிக்கவும் மாட்டுது. இசைக்கருவியில இதுகளில ஒண்டையும் போடாதேங்கோ.

கொதிச்ச லின்சீட் காயும், ஆனால் எப்பொக்சிக்கு மேல தனிய அது மெதுமையான படை. வேர்வைக்கும் தண்ணிக்கும் நிக்காது. வார்னிஷோட கலந்தால் பாவிக்கலாம். திறமான எண்ணெய் வார்னிஷ் இரண்டு பங்கு, மினரல் ரேப்பன்ரைன் இரண்டு பங்கு, கொதிச்ச லின்சீட் அரைப் பங்கு. ட்ரூ ஒயில் இல்லாத இடத்தில இது காணும். லின்சீட்டைக் கூட்டினால் தேய்க்க சுகம், காய நேரம் கூடும், படை மெதுமையாகும். எப்பொக்சிக்கு மேல கூட்டக்கூடாது.

கைச்சீவுளி:

முதிரை சொன்ன அரைப் பங்கை நான் இன்னும் குறைப்பன், மழைக்காலத்தில லின்சீட்டே வேண்டாம். மற்றதெல்லாம் ஒத்துக்கொள்ளுறன். இனி எண்ணெய் வேலை.

எப்பொக்சியின்ர கடைசிப் பூச்சு இறுகினவுடனை கழுவித் துடைச்சு, 400 அரத்தாளால பலகை முழுக்க ஒரே மங்கலாய் வரும் மட்டும் உரஞ்சுங்கோ. இதுதான் பிடிமானம். எண்ணெய்க்கும் எப்பொக்சிக்கும் இரசாயனப் பிணைப்பு ஒண்டுமில்லை, கீறலைப் பிடிச்சுக்கொண்டுதான் அது நிக்கும். மினுங்குற ஒரு புள்ளி மிஞ்சினால் அந்தப் புள்ளியில பூச்சு பேந்து செதிலாய் உரியும். 600க்குப் போகாதேங்கோ, கீறல் மெல்லிசாகிப் பிடி குறையும். கடைசிப் படை மெல்லிசு எண்டதால விளிம்பிலயும் இடுப்பு வளைவிலயும் கட்டை பாவிக்காமல் விரலால மெதுவாய் உரஞ்சுங்கோ. அங்கதான் அறுபடுறது.

அதுக்கு மேல மெழுகு நீக்கின செல்லாக் (ஸ்பிரிட்டில கரைக்கிற அரக்கு) ஒரு மெல்லிய பூச்சு. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம். கடையில வாங்கிற செல்லாக்கில மெழுகு இருந்தால், கரைச்சுப் போத்தலில இரண்டு நாள் அசையாமல் வைச்சு, மேல தெளியிறதை மட்டும் வடிச்செடுங்கோ. தண்ணி கலந்த ஸ்பிரிட் வேண்டாம், வெண்மை படியும். துணியால இரண்டு தரம் துடைச்சு விட்டால் காணும். செல்லாக் கட்டாயமில்லை, ஆனால் கழுவேக்க தப்பின அமீன் ஏதும் இருந்தால் எண்ணெயோட முட்டாமல் இது மறிக்கும். 400 கீறலையும் நிரப்பும், எண்ணெயும் ஒரே சீராய்ப் பரவும்.

அடுத்த நாள் எண்ணெய். ட்ரூ ஒயிலைப் பழைய பருத்தித் துணியில ஒரு சொட்டு, இரண்டு சொட்டு எண்டு எடுத்து, உள்ளங்கை அளவு இடமாய் வட்டமாய்த் தேய்ச்சு, பிறகு நாரோட்டத்தோட நீளமாய் இழுத்து விடுங்கோ. பின்பலகை முழுதுக்கும் அரைத் தேக்கரண்டி கனக்க. பூசின இடம் ஈரமாய் மினுங்கிறது ஒரு நிமிசத்துக்கு மேல நிண்டால் கூடப் போட்டிட்டீங்கள், உலர்ந்த துணியால துடைச்சு எடுங்கோ. வெறும் மரத்தில கூடினால் மரம் குடிச்சு மன்னிக்கும். எப்பொக்சிக்கு மேல போறதுக்கு இடமில்லை. மேல் தோல் முதல்ல இறுகி, கீழ ஈரம் நிண்டு, தோல் சுருங்கிச் சுருக்கம் விழும். சுருங்கினதை உரஞ்சி மட்டம் பண்ண ஏலாது, சுரண்டியால எப்பொக்சி தெரியிற வரைக்கும் எண்ணெயை எடுத்துத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு பூச்சு. மூண்டு பூச்சுக்கு ஒருக்கா, இரண்டு நாள் இடைவெளி விட்டு, சாம்பல் நிறத் தேய்ப்பானால மெல்ல உரஞ்சி, தூசிப் புள்ளியளை எடுங்கோ. எட்டுப் பூச்சில நல்ல மங்கல் மினுக்கம் வரும். முழு மினுக்கத்துக்கு பன்னிரண்டு வேணும்.

பூச்சுக்கிடையில கட்டையும் அரத்தாளும் வைச்சு மட்டம் பண்ண வெளிக்கிடாதேங்கோ. செல்லாக் எண்டால் புதுப் பூச்சு பழசைக் கரைச்சு ஒண்டாகிடும். எண்ணெய்ப் பூச்சு அப்பிடி ஒண்டாகாது, படைக்கு மேல படையாய்த்தான் இருக்கும். ஒரு படை அறுந்து அடுத்தது வெளிப்பட்டால் வெட்டு விளிம்பு வட்டமாய்த் தெரியும். மட்டம் பண்ணுற வேலை முழுக்க எப்பொக்சியிலயே முடிஞ்சிருக்க வேணும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில எறியாதேங்கோ. காயேக்க எண்ணெய் சூட்டை விடும், சுருட்டிக் கிடந்தால் சூடு சேர்ந்து தானாய்த் தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு, வெளியில கம்பியில விரிச்சுக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கோ. எப்பொக்சிக்கு நைத்திரல் கையுறை கட்டாயம். கையில பட்டால் தின்னரால கழுவக்கூடாது, தின்னர் அதைத் தோலுக்குள்ள கொண்டுபோகும். சவர்க்காரமும் தண்ணியும்தான். ஒருக்கா ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் எப்பொக்சி தொட ஏலாது.

பலாவைரம்:

சோளகம் வீசிற மாதங்களில எண்ணெய் பூசுறவைக்கு: காற்று உலர்வு, எண்ணெய் கெதியாய்க் காயும், ஆனால் புழுதி. நிலத்தைத் தண்ணி தெளிச்சு அரை மணித்தியாலம் விட்டுப் பிறகு தொடங்குங்கோ. பூசின பலகையை முகம் கீழ பாக்கத் தூக்கி வையுங்கோ, விழுகிற புழுதி மேல தங்காது. அறையை முழுசாய்ச் சாத்தி வைக்காதேங்கோ, எண்ணெய் இறுகிறதுக்குப் புதுக்காற்று வேணும்.

கம்பித்தடை:

எல்லாரும் பின்பலகையையே கதைக்கிறீங்கள். மேற்பலகைக்கு எப்பொக்சி போடாதேங்கோ. செடர், ஸ்புறூஸ் ஊசியிலை மரம், அதுகளில மகோகனி மாதிரி அடைக்கிற துளை இல்லை. செடர் மெதுமையான மரம், எப்பொக்சியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிப் பாரமாகும். செடருக்குச் செல்லாக் இரண்டு பூச்சு, மேல இரண்டு மூண்டு மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான். செல்லாக் போடாமல் நேராய் எண்ணெய் தேய்ச்சால் செடர் குடிச்சுக்கொண்டே இருக்கும்.

பக்கப்பலகைக்கு எப்பொக்சி போடேக்க மேற்பலகை விளிம்புக்கு நல்ல மாஸ்கிங் ரேப் ஒட்டி, ரேப் விளிம்பில முதல்ல செல்லாக் தடவுங்கோ. ரேப்புக்கு அடியால ஊரப்போறது செல்லாக்காய் இருக்கட்டும், எப்பொக்சியாய் இருந்தால் செடரில கறுத்த கோடு நிரந்தரமாய் நிக்கும். எப்பொக்சி றப்பர் பதத்தில இருக்கேக்க ரேப்பை உரியுங்கோ. முழுக்க இறுகினால் நாரோட உரியும். விரற்பலகைக்கு ஒண்டும் வேண்டாம். மரப் பைண்டிங் (விளிம்பில பதிக்கிற பட்டி) போட்டிருந்தால் எப்பொக்சியை அதிலயும் சேர்த்தே பூசுங்கோ, பைண்டிங்கை மட்டும் மறைச்சால் பேந்து படி விழும்.

நாவற்குழி நரம்பு:

பின்பலகையில எப்பொக்சி படை விட்டால் சத்தம் அடைபடாதோ? இந்தக் கேள்வி கனபேர் கேட்கினம்.

வாடைக்காற்று:

கணக்குப் போட்டுப் பாருங்கள். உரஞ்சி முடிந்தபின் மிஞ்சும் படை 0.05 மில்லிமீற்றர் என்று வைப்போம். 0.3 சதுர மீற்றருக்கு அது 15 கன சென்ரிமீற்றர். எப்பொக்சியின் அடர்த்தி 1.1 அளவில் என்றால் ஏறத்தாழ 17 கிராம், அதுவும் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் சேர்த்து. தடிப்பாக ஸ்பிறே அடித்த பூச்சை விட இது கூடுதலில்லை. சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேற்பலகை, அதில் எப்பொக்சி இல்லை. ஆனால் உரஞ்சாமல் தடித்த படையாக விட்டால் பாரம் பலமடங்காகும். பூசுவதை விட உரஞ்சுவதில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது.

வெப்பம் பற்றியும் ஒன்று. அறைச் சூட்டில் இறுகிய எப்பொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். வெயிலில் சாத்தி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும். இளகி ஆறினால் துளைகளின் வடிவம் மேலே அச்சாக எழும்பித் தெரியும். எப்பொக்சி பூசிய பிறகு, கடைசி மட்டம் பண்ண முன்னர், தகர அறை போன்ற வெக்கையான இடத்தில் சில நாள் வைத்தால் இறுக்கம் கூடி, சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். அதன்பின் உரஞ்சுங்கள்.

முதிரை:

மற்ற மரங்களுக்கும் இதே ஒழுங்கோ எண்டு ஆராவது தேடி வந்தால் ஒரு குறிப்பு. பலா மரத்துக்குத் துளை பெரிசு, எப்பொக்சி மூண்டு பூச்சு வேணும். புதுசில மஞ்சள், வெளிச்சம் பட நல்ல மண்ணிறமாகும். தேன் நிற ரெசினைப் போட்டிட்டு நிறத்தைத் தீர்மானிக்காதேங்கோ, மரம் இன்னும் கறுக்கும். தேக்கு எண்ணெய்ச் சாதி. எப்பொக்சி பூச முதல் அசெற்றோனால துடைச்சு, பறந்தவுடனை பூசுங்கோ, தாமதிச்சால் உள்ள இருக்கிற எண்ணெய் திரும்ப மேல வரும். ரோஸ்வுட் வகையளில இருக்கிற சாறு எண்ணெய்ப் பூச்சைக் காயவே விடாது, அதுக்கு எப்பொக்சி நல்ல மறிப்பு. ஆனால் உரஞ்சேக்க மரம் வெளிப்பட்ட ஒரு இடம் மிஞ்சினால் அந்த இடம் மட்டும் மாசக்கணக்காய்ப் பசபசக்கும். முதிரைக்குத் துளை மெல்லிசு, ஒரு பூச்சோட முடியும்.

நாவற்குழி நரம்பு:

கடைசியாய் ஒண்டு. பிறிட்ஜை (மேற்பலகையில கம்பியளைப் பிடிச்சிருக்கிற கட்டை) எண்ணெய் பூசின பிறகு ஒட்டுறதோ, முதலோ?

கம்பித்தடை:

பிறகு. ஆனால் இடத்தை இப்பவே மறையுங்கோ. பிறிட்ஜை சரியான இடத்தில வைச்சு, கூர்ப் பென்சிலால சுத்திக் கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளால ரேப்பை வெட்டி ஒட்டுங்கோ. வெட்டேக்க கத்தி செடரில இறங்கக் கூடாது. நார் அறுபட்டால் கம்பி இழுவையில பிறிட்ஜ் கிளம்புறது அந்தக் கோட்டில இருந்துதான். ரேப்பை வேற ஒரு கண்ணாடியில அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுறது நல்லம்.

எண்ணெய் முடிஞ்சு மூண்டு கிழமை விட்டு ரேப்பை உரிச்சு, மிஞ்சின ஒரு மில்லிமீற்றர் விளிம்பைக் கூரான உளியால மரம் தெரியச் சுரண்டுங்கோ. உளியின்ர முகத்தைப் படுக்க வைச்சு, பிறிட்ஜ் நடுவை நோக்கி மட்டும் இழுங்கோ. செல்லாக்குக்கு மேலயோ எண்ணெய்க்கு மேலயோ மரப்பசை நிக்காது. மூண்டு கிழமையில எண்ணெய் மணம் இன்னும் வந்தால் இன்னும் ஒரு கிழமை விடுங்கோ. இறுகாத பூச்சில கிளாம்ப் வைச்சால் கிளாம்பின்ர அச்சு விழும். கிளாம்புக்கு அடியில தோல் வைக்க வேண்டாம், மெழுகு கடதாசி ஒட்டின தக்கை வையுங்கோ.

பிறிட்ஜின்ர அடி மேற்பலகை வளைவுக்குப் பொருந்துதோ எண்டதை ஒட்ட முதல், பசை இல்லாமல் கிளாம்ப் போட்டு, 0.05 மில்லிமீற்றர் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) சுத்திவர நுழையுதோ எண்டு பாருங்கோ. எங்கயாவது நுழைஞ்சால் பிறிட்ஜின்ர அடியைச் சீவுங்கோ, மேற்பலகையைத் தொட வேண்டாம்.